நெசவாளர் பாதமும் ரப்பர்த் தகடும்

காஞ்சிபுரத்தில் குழித்தறியருகே நிற்போர் நெசவாளரின் கைகளையே நோக்குவர். என் கண்ணோ குழிக்குள் மாறிமாறி மிதிக்கும் அவர் பாதங்களின்மேற் சென்றது. அவ்வசைவினின்று மின்சாரம் பெறலாகாதோ என்று எண்ணினேன்.

நெகிழும் ரப்பர்த் தகடொன்றின் இருபுறமும் மின்கடத்தும் கரிப்பூச்சு இடுவர். இழுத்தால் தகடு அகன்று மெலியும். அந்நிலையில் சிறிது மின்னேற்றம் ஊட்டித் தளரவிட்டால், அது சுருங்கித் தடிக்கும். எதிரெதிர் மின்னேற்றங்கள் விலகவும், ஒத்தவை நெருங்கவும் நேர்தலால் மின்னழுத்தம் உயரும். சுருங்கும் ரப்பர் செய்த வேலையே மின்சக்தியாகிறது. வணிகனுக்குப்போல இதற்கும் கைமுதல் வேண்டும்! மின்னேற்றினால் ரப்பர் நீளுமென்பதை, எக்ஸ் கதிரைக் கண்ட ரண்ட்ஜன் 1880-ஆம் ஆண்டிலேயே சோதித்தறிந்தார். இந்நூற்றாண்டில் கடலலையினின்றும் இம்முறையால் மின்சாரம் பெற முயன்றுள்ளனர்.

ஆயினும் இதனைத் தறியிற் பூட்ட என் மனம் ஒப்பவில்லை. ரப்பரை இழுக்கும் சக்தி வேறெங்கிருந்தும் வாராது. நெசவாளரின் முழங்காலே அதனைத் தரவேண்டும். நாள் முழுதும் மிதித்து ஓயும் காலுக்கு மேலுமொரு வரியா? நடப்போரின் குதிகால் நிலத்தில் மோதும்போதோ சிறிது சக்தி வீணே வெப்பமாகிக் கழிகின்றது. செருப்பின் குதியில் இத்தகைய ரப்பரை அமைத்து அதனைப் பெற அமெரிக்காவில் ஆராய்ந்துள்ளனர். காந்தி சாலையில் பட்டெடுக்க வருவோரின் செருப்புகளினின்று அதனை எடுத்துக்கொண்டால் எவருக்கும் நோவில்லை.