காதுல குதிரை... கண்ணுல பறவை!

வேளச்சேரியில தாம்பரம் பஸ் ஏறுறீங்களா? இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிங்க. கைவேலி தாண்டினதும் ஹெட்போனை மாட்டுங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கிட்டே கேட்க சூப்பரா ஒரு ஆல்பம் இருக்கு. என்ன, அது பெங்காலி!

பேண்ட் பேரு 'மொஹீனேர் கோராகுலி'. வாய்ல நுழையலையா? 'மொஹீனோட குதிரைகள்'னு அர்த்தம். ஜீபனானந்த தாஸ் கவிதையில இருந்து எடுத்த பேரு. கௌதம் சட்டோபாத்யாய் 1970-கள்ல கொல்கத்தாவுல நண்பர்களோட ஆரம்பிச்ச ராக் பேண்ட் இது. பாவுல் நாட்டுப்பாட்டையும் மேற்கத்திய கிடாரையும் கலந்து அடிச்சாங்க. 1977-ல வந்த முதல் ரெக்கார்டோட தலைப்புலயே கலங்கி நிற்கிற பறவைக் கூட்டம் வருது, கொல்கத்தாவும் வருது. ஆனா, அப்ப ஊர் பெருசா கண்டுக்கலை. 1980-களோட ஆரம்பத்துல பேண்ட் கலைஞ்சே போச்சு.

கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, அங்கதான் ட்விஸ்ட்! 1995-ல கௌதம் ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டார். பேரு 'ஆபார் பொச்சோர் குரி போரே'. அதாவது, 'மறுபடி இருபது வருஷம் கழிச்சு'. 'அந்தக் காலத்துல நாங்க...'ன்னு பெருமை பேசாம, பழைய பாட்டு, புதுப் பாட்டுன்னு கலந்து, இளசுங்க கையில மைக்கைக் கொடுத்துட்டார். செம ஹிட்! அதுல வந்த ஒரு மெட்டுதான், 2006-ல 'கேங்ஸ்டர்' இந்திப் படத்துல 'பீகி பீகி'யா வந்தது. உங்க ஹாஸ்டல் மொட்டை மாடியிலகூட யாராவது வாசிச்சிருப்பாங்க.

கல்ச்சுரல்ஸ்ல 'கவர் சாங்தானே!'ன்னு நக்கல் அடிக்கிறவங்க கவனிக்க: ஒரு பாட்டு பிழைக்கணும்னா, இன்னொரு தொண்டை வேணும்.

இப்ப ஜன்னலுக்கு வெளிய பாருங்க. கூழைக்கடா, தாழைக்கோழி, சீசன்ல பூநாரை. அந்தப் பக்கம் பெருங்குடி குப்பை மேடு. 1960-கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்சு கிடந்த கழிவெளி இது. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தப்ப கணக்கு சுமார் 1,247 ஹெக்டேர். தென்சென்னை ஏரிங்களோட மழைத் தண்ணி இங்க வந்துதான் ஒக்கியம் மடுவு வழியா கடலுக்குப் போகுது. இதை மூடினா, தண்ணி நம்ம வீட்டு ஹாலுக்குத்தான் வரும்!

சட்டம், பட்டியல் எல்லாம் ரெக்கார்டை பத்திரமா வைக்கிற அலமாரி மாதிரி. எடுத்துப் பாட ஆள் வேணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வலசைப் பறவைங்க சீசன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஃப்ரெண்ட்ஸோட வாங்க, பறவைங்க பேரைக் கத்துக்கங்க. அப்புறம் ஜூனியர்களைக் கூட்டிட்டு வாங்க.

அடுத்த கவர் வெர்ஷன், நம்ம பேட்ச்தான் பாஸ்!