குளிர்ந்த பாதங்களின் காப்பிக்கடை

டென்மார்க் மக்கள் தம் தெருவோர உணவு வண்டிக்கு வேடிக்கையாகச் சூட்டிய பெயர்களுள் 'குளிர்ந்த பாதங்களின் காப்பிக்கடை' என்பதும் ஒன்று. அங்கே நாற்காலி இல்லை. வாடைக்காற்று வீசும் நடைபாதையில் நின்றவாறே உண்ண வேண்டும். அலுவலரும் கொத்தனாரும் தோளோடு தோள் உரச நிற்பார்கள். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் அங்கே கிடையாது.

கோபன்ஹேகன் தெருக்களில் இவ்வண்டிகள் முதன்முதலாக 1921இல் தோன்றின. கொத்திய இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் 'சாசேஜ்'தான் அவற்றின் சரக்கு. அதன் தோல் செக்கச் சிவந்திருக்கும். முந்தைய நாள் மீந்ததை அடையாளம் காட்டவே சாயம் பூசினார்கள் என்று கதை சொல்வார்கள். அதை நீண்ட ரொட்டிக்குள் வைத்து, கடுகுச் சாந்து, தக்காளி சாஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், ஊறிய வெள்ளரித் துண்டுகள் ஆகியவற்றை மேலே அடுக்கினால் 'ஹாட் டாக்' ஆயிற்று. 'ரெமுலேட்' என்னும் மஞ்சள் குழம்பும் உண்டு. நம் சமையலறை மஞ்சள் அவ்வளவு தொலைவு சென்று குடியேறியிருப்பது வியப்புக்குரியதே!

நகரின் வடமேற்குப் பகுதியில் 1965 முதல் 'ஹாரிஸ் பிளேஸ்' என்னும் சிறு கடை இயங்கி வருகிறது. உழைப்பாளிகள் வாழும் வட்டாரம் அது. 'பார்யே' என்ற ஆண்பெயரைத் தாங்கிய நீண்ட சாசேஜ் அங்கே புகழ்பெற்றது. அதே வட்டாரத்தில்தான் 2014இல் மினாராவுடன் கூடிய பெரிய பள்ளிவாசலும் திறக்கப்பட்டது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. அந்நாட்டில் மனிதரைவிடப் பன்றிகளே அதிகம். சாசேஜும் பெரும்பாலும் பன்றி இறைச்சியே. 1960களின் பிற்பகுதியில் துருக்கியிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம்களுக்கு ஊரார் கூடும் அந்த வண்டியே ஹராமான பண்டத்தின் இருப்பிடமாயிற்று. அண்டை வீட்டார் அன்போடு அழைத்தாலும் கை நீளாது. தட்டில் இருப்பது அரசியலாகவும் மாறியது. 2016இல் ராண்டர்ஸ் நகராட்சி, தன் பொது நிறுவனங்களின் உணவில் பன்றி இறைச்சியும் இடம்பெற வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒருவர் உண்ண விரும்புவதைத் தடுப்பது முறையன்று. ஆனால் பிள்ளைகளின் சோற்றுத் தட்டை நாட்டுப்பற்றின் அளவுகோலாக்குவது எந்த வகையில் முறை?

தெருவோ தன் போக்கில் வேறொரு விடை கண்டது. நோரெப்ரோ பகுதியின் நெடுஞ்சாலையில் ஷவர்மா கடைகள் வரிசையாக முளைத்தன. நள்ளிரவில் பசியோடு வரும் டேனிஷ் இளைஞன் இன்று இரண்டையும் தன் ஊர் உணவாகவே கருதுகிறான். மாட்டிறைச்சியிலும் காய்கறியிலும் சாசேஜ் செய்து விற்கும் வண்டிகளும் வந்துவிட்டன. ஆயினும் மாட்டிறைச்சி என்பதாலேயே அது ஹலாலாகிவிடாது. அறுத்த முறையைக் கேட்டறிவது அவசியம்.

எதுவும் உண்ணாவிட்டாலும் அங்கே நிற்பதற்குத் தடையில்லை. சாசேஜோடு சேர்த்துக் குளிர்ந்த கோகோ பால் அருந்துவது டேனிஷ்காரர்களின் பழைய வழக்கம். அந்தப் பால் புட்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, பாதம் மரத்துப்போகும் வரை பேசிக்கொண்டிருக்கலாம்.