"எந்த வருஷ மாடல்?" ஆபிங்டனில் மாமாவோடு ஒரு பழைய கார் வேட்டை

மாமாவின் கோட் பாக்கெட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் இருந்தது. மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம் போட்டது. போன முறை மதுரை வந்தபோது சித்திரை வீதியில் வாங்கியதாம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆபிங்டன் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அதன் பின்பக்கம் ஒரு மெல்லிய துணியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா இது?"

"கார் பார்க்கப் போறோம்லம்மா. விக்கிறவன் சொல்லாததை இது சொல்லும். துணி இல்லேன்னா பெயின்ட்ல கீறல் விழுந்துடும்."

மாமா ஆக்ஸ்ஃபோர்டில் பஸ் டிரைவர். இருபது வருஷமாக அங்கே ஊர் சுற்றிக் காட்டுவதுபோல ஒரே ரூட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குள் ஒரு எம்.ஜி.பி. வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அத்தை அனுமதி கொடுத்த தொகை 12,000 பவுண்டு. "வாங்குறதும் இதுல, ரிப்பேரும் இதுல. அப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்பது நிபந்தனை. விடுமுறைக்குப் போயிருந்த நான் சாட்சியாக இழுத்துவரப்பட்டேன்.

எம்.ஜி.ஆர். தெரியும், அது என்ன எம்.ஜி.பி. என்று நானும்தான் கேட்டேன். எம்.ஜி. என்றால் நம் சாலைகளில் ஓடும் ஹெக்டர் ஞாபகம் வரும். அந்தப் பெயர் இப்போது சீன நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிறது. ஆனால் பிறந்த இடம் ஆக்ஸ்ஃபோர்டு. மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். 1920-களில் அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். 1929-ல் தொழிற்சாலை ஆபிங்டனுக்கு வந்தது. 1962 முதல் 1980 வரை அங்கே தயாரான ஸ்போர்ட்ஸ் கார்தான் எம்.ஜி.பி. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

சரி, மதுரைக்காரருக்கு ஏன் இந்த ஆசை? தாத்தா மதுரை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். அம்பாசடர் என்பது ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கவுலியில் பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்திய வடிவம். அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் 'பி சீரிஸ்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்ப இன்ஜினை 1798 சி.சி.யாகப் பெரிதாக்கி எம்.ஜி.பி.யில் வைத்தார்கள். அதாவது, தாத்தா பானட்டைத் திறந்து போட்டுத் திட்டிக்கொண்டே சரிசெய்த இன்ஜினின் அண்ணன். "இந்த இன்ஜினை நான் எட்டு வயசுலயே கழுவியிருக்கேன்" என்றார் மாமா. கவுலி தொழிற்சாலையில் இப்போது மினி கார் தயாராகிறது.

ஆபிங்டன், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர். தேம்ஸ் ஓரம் அமைதியான ஊர். 1963-லேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது, பஸ்தான் கதி. ஊர் நடுவே 17-ம் நூற்றாண்டில் கட்டிய கவுன்டி ஹால் நிற்கிறது. இப்போது அருங்காட்சியகம். ராஜா முடிசூட்டிக்கொண்டால், ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால், ஊர்ப் பெரிய மனிதர்கள் இந்தக் கட்டடத்தின் மேலே ஏறி கீழே நிற்கும் கூட்டத்துக்கு பன் எறிவார்களாம். நம்ம ஊரில் தேரிலிருந்து வாழைப்பழம் வீசுவதுபோல. அப்படி எறிந்த பழைய பன்களையும் உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

தொழிற்சாலையைத் தேடினால் ஏமாற்றம்தான். சிமெட்ரி ரோடு என்ற தெருவில் எம்.ஜி. கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது; கிம்பர் ஹவுஸ் என்று பெயர். அதை ஒட்டித்தான் தொழிற்சாலை இருந்தது. பெரும்பகுதி இடித்தாகிவிட்டது. 1979 செப்டம்பரில் ஊரே சேர்ந்து எம்.ஜி. ஆபிங்டனுக்கு வந்த ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம் முடிந்த கையோடு, 10-ம் தேதி திங்கட்கிழமை, ஆலையை மூடப்போவதாக பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் அறிவித்தது. அந்த நாளை இன்றும் 'கறுப்பு திங்கள்' என்கிறார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கடைசி கார் வெளியே வந்தது.

மாமா அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, "வா, மொதல் ஆளைப் பார்ப்போம்" என்று நடக்க ஆரம்பித்தார்.

போகும் வழியில் எனக்குப் பாடம் நடந்தது. எம்.ஜி.பி. வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த வருஷம்?" 1962 முதல் 1964 வரை வந்த கார்களில் இன்ஜினின் கிராங்க்‌ஷாஃப்டை மூன்று பேரிங் தாங்கும். தாத்தாவின் அம்பாசடரிலும் அப்படித்தான். 1964 கடைசியில் அது ஐந்தானது; இன்ஜின் உறுதியானது. 1967 கடைசிவரை ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். அதன்பின் நான்கு கியருக்கும் வந்துவிட்டது. டைனமோ போய் ஆல்டர்னேட்டரும் அப்போதுதான் வந்தது.

ஆனால் விலையைத் தீர்மானிப்பது இதெல்லாம் இல்லை. பம்பர்!

1974 வரை பளபளக்கும் குரோம் பம்பர். அமெரிக்காவில் மோதல் விதிகள் கடுமையானதும், 1974 இலையுதிர் காலத்திலிருந்து முன்னும் பின்னும் கறுப்பாகத் தடித்த பம்பரை வைத்தார்கள். ஹெட்லைட், பம்பர் உயரம் விதிக்குள் வர வேண்டுமே என்று காரையே ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். தாழ்வாகப் பதுங்கி ஓடிய வண்டி, பள்ளத்தில் இறங்கத் தயங்கும் ஆள்போல ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, முன்பக்கம் வளைவுகளில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் குரோம் பம்பர் என்றால் தங்கம், ரப்பர் பம்பர் என்றால் பித்தளை என்று ஊரில் பேச்சு நிலைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 1973-க்கு முன் தயாரான கார்களுக்கு மட்டும் சாலை வரி கிடையாது என்று நீண்ட காலம் விதி இருந்தது. 2014 முதல் நாற்பது வயதைத் தாண்டிய எந்தக் காருக்கும் வரி இல்லை. இன்று எல்லா எம்.ஜி.பி.யும் நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. அந்தக் காரணம் செத்துப்போனது. விலை வித்தியாசம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதல் கார் 1971. அடர் பச்சை, குரோம் பம்பர், வயர் வீல். நம்பர் பிளேட்டில் கடைசி எழுத்து 'கே'. அந்தக் காலத்தில் அந்த எழுத்தை வைத்தே பதிவான வருஷத்தைச் சொல்லிவிடலாம். கேட்ட விலை 11,500. மாமாவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குக் கவலையாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தொடாமல் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"மாமா, காந்தம்" என்று தமிழில் ஞாபகப்படுத்தினேன்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகடு இருக்கிறதே, 'சில்' என்பார்கள், அதுதான் முதுகெலும்பு. மூன்று அடுக்கு. வெளி அடுக்கை மட்டும் புதிதாக ஒட்டி, உள்ளே துருப்பிடித்ததை அப்படியே மூடிவிடுவது இங்கே ரொம்பப் பழைய தந்திரம். நம்ம ஊர் டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பதற்கு அண்ணன்.

கோபுரம் கதவில் பிடித்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பகுதியில் வைத்ததும் சறுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டிதான். (எல்லா இடத்திலும் காந்தத்தை நம்பவும் முடியாது. ஆரம்ப கால எம்.ஜி.பி.க்களில் பானட் அலுமினியம். அங்கே ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம்.)

மாமா அனுமதி கேட்டு ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். கதவைத் திறந்து மூடச் சொன்னார். இறக்கியிருந்தபோது வெண்ணெய்போல மூடிய கதவு, இப்போது இடித்துக்கொண்டு நின்றது. சில் பலவீனமாக இருந்தால் நடுவே வண்டி வளைகிறது, கதவின் இடைவெளி சுருங்குகிறது. விற்றவர் கெட்டவராகத் தெரியவில்லை. அவருக்கே தெரியாமல் யாரோ முன்பு செய்த வேலையாக இருக்கலாம். அவர் முகமும் தொங்கிப்போனது.

மாமா தெருமுனை வரை பேசவில்லை. "அழகா இருந்துச்சுல்ல?" என்றார் பிறகு.

"இருந்துச்சு மாமா."

"ரெண்டு பக்கமும் ஒழுங்கா வெட்டி ஒட்டணும்னா ஆயிரக்கணக்குல ஆகும். உங்க அத்தை என்னைத்தான் வெட்டுவா."

இரண்டாவது கார் பக்கத்துக் கிராமத்தில். 1977 மாடல், சிவப்பு, கறுப்பு ரப்பர் பம்பர். கேட்ட விலை 7,800. "மூஞ்சில கட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்று தொலைவிலேயே முணுமுணுத்தார். உள்ளே சீட் துணி கடற்கரை சாய்வு நாற்காலிபோல வரிவரியாகக் கோடு போட்டது. எனக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் கோபுரம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. ஜாக்கியில் தூக்கியபோதும் கதவு அசராமல் மூடியது. வீட்டுக்காரர் ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டுவந்தார். சில்லை அடுக்கடுக்காகப் பிரித்து மாற்றியபோது எடுத்த போட்டோக்கள், ரசீதுகள், காரின் தயாரிப்பு விவரத்துக்கு கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கொடுத்த சான்றிதழ். நம்பர் பிளேட் சொல்வது பதிவான காலத்தை. அந்தச் சான்றிதழ்தான் தயாரான தேதியைச் சொல்லும்.

இன்னொன்றையும் மாமா பஸ்ஸில் சொல்ல மறந்திருந்தார். ரப்பர் பம்பர் கார்களிலும் எல்லாம் ஒன்றல்ல. 1974 கடைசியிலிருந்து 1976 வரை வந்தவைதான் வளைவுகளில் தள்ளாடுபவை. 1977 மாடலில் முன்பக்கம் தடித்த கம்பி திரும்பி வந்தது, பின்பக்கமும் ஒன்று சேர்ந்தது. நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் ஓட உதவும் ஓவர்டிரைவ் கேட்காமலே கிடைத்தது. பழைய மாடல்களில் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே பன்னிரண்டு வோல்ட். தினமும் ஓட்ட நினைப்பவருக்கு இதுதான் சுகமான வருஷம். என்ன, போட்டோவில் நன்றாக இருக்காது.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில். சோக் இழுத்து, சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கனைத்து எழுந்தது. மாமா கியர் போடவில்லை. ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன என்று எழுதினால் திட்டுவார், அதனால் எழுதவில்லை.

வேலிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைபோல் ஓடும் சாலையில் வண்டி வளைந்து வளைந்து போனது. உட்கார்ந்த பிறகு பம்பர் கண்ணில் படவே இல்லை.

7,300-க்குப் படிந்தது. மீதிப் பணத்தில் டயர் நான்கு, பெட்ரோல் குழாய்கள் (எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும்), ஒரு சர்வீஸ். "குரோம் பம்பர் மாத்திக்கலாம், சில பேர் மாத்துறாங்க" என்று ஆரம்பித்தவரை நான் பார்த்த பார்வையில், "அது அப்புறம்" என்று முடித்துக்கொண்டார். காந்தம் இப்போது அத்தையின் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிவிட்டது.

அன்று இரவு மதுரைக்கு வீடியோ கால். மாமா இன்ஜினை ஓடவிட்டு போனை பானட்டுக்குள் நீட்டினார்.

"நம்ம அம்பாசடர் சத்தம் மாதிரி இருக்கேடா" என்றார் பாட்டி. பிறகு உள்ளே காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "ரெண்டே சீட்டா? நான் வந்தா எங்கடா உட்காருவேன்?"

மாமா என்னைப் பார்த்தார். பின் சீட் உள்ள ஜிடி மாடலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.