பந்திழந்த பழி யாரது?

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், பந்தெறியும் குவார்ட்டர்பேக் விடுத்த பந்து தோழன் கையிற்பட்டுத் தெறித்து எதிரியிடம் சேரினும், அவ்விழப்பு எறிந்தவர் கணக்கிலேயே ஏறும். இது முறையோ என்று யாம் பன்முறை எண்ணியதுண்டு.

2019ஆம் ஆண்டு டாம்பா பே அணியின் ஜேமிஸ் வின்ஸ்டன் 16 ஆட்டங்களில் 30 பந்துகளை எதிரிகட்கு ஈந்தார். 2020இல் அவ்விடம் பெற்ற டாம் பிரேடி, அத்தனை ஆட்டங்களில் ஈந்தவை 12. பயிற்றுநர் ஏரியன்ஸ் மாறிலர். பந்தேற்கும் எவான்ஸும் காட்வினும் மாறிலர். ஆதலின் பழியிற் பெரும்பகுதி எறிந்தவரதே என்போம்.

எனினும், பிரேடிக்கு அரணாக டிரிஸ்டன் வர்ஃப்ஸ் என்னும் புதிய வீரர் நின்றார். அரண் வலிதாயின் கை பதறாதன்றோ? ஆகவே எண்ணை மட்டும் நோக்கி ஒருவரைப் பழித்தல் நடுவுநிலைமையன்று. ஒவ்வோர் இழப்பையும் தனித்தனி ஆராய்ந்து தீர்ப்புரைத்தலே எமக்கு அறமாகத் தோன்றுகிறது.