ஓடும்போதும் அதே படபடப்புதான்

இன்ஜினியரிங் மூன்றாவது செமஸ்டர். கையில் இரண்டு அரியர். ஹாஸ்டல் கட்டிலில் சாய்ந்தால் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். ஹார்ட் அட்டாக்கோ என்று ஒரு ராத்திரி கூகுளில்கூடத் தேடியிருக்கிறேன்.

"வாடா, சும்மா ரெண்டு ரவுண்டு" என்று விடியற்காலையில் ரூம்மேட் மைதானத்துக்கு இழுத்துப்போனான். அரை ரவுண்டிலேயே மூச்சிரைத்து, துருப்பிடித்த கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் வந்த அதே திக்திக், அதே வியர்வை. பயம் மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியும் விட்டது. பீதி நோய்க்கான சிகிச்சையிலேயே இப்படிப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார்கள் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு 22 நிமிஷம்கூட வராது. மெஸ் வரிசையில் நிற்கிற நேரம்தான். ஆனால் பிளஸ் டூவில் பி.டி. பீரியடை மொத்தமாகக் கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் தாரைவார்த்துவிட்டு வந்த கூட்டமாயிற்றே நாங்கள்!

ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. என்னை இழுத்துப்போன அவனே அடுத்த வருஷம் மனநல மருத்துவரிடம் போனான், மாத்திரை சாப்பிட்டான். ஓட்டத்தையும் விடவில்லை.

எனக்கு ஒரு அரியர் ஃபைனல் இயர் வரை இழுத்தது. தூக்கம் மட்டும் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.