நூத்தி நாலாம் சங்கீதம்

எங்க வீட்டுல சாயங்கால ஜெபத்துக்கு அம்மா அடிக்கடி எடுக்கிறது 104-ஆம் சங்கீதம். 35 வசனம். சின்ன வயசுல "இன்னைக்கும் பெரிய சங்கீதமா" என்று நாங்க முனகுவோம். ஆனா கேட்கக் கேட்க எங்க ஊரைப் பத்தின பாட்டு மாதிரியே இருக்கும். ஊற்று, மாட்டுக்குப் புல், கூடு கட்டுற குருவி, கொக்கு. வரையாடு கூட வருது. நம்ம மாநில விலங்கு எபிரேயப் பாட்டுக்குள்ள எப்படிப் போச்சுன்னு கேட்காதீங்க. அந்த ஊர் மலையாட்டுக்கு, தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவங்க வச்ச பேர் அது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகும்போதே மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீங்க. எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிப் பாசனம். ஆறு கரையைத் தாண்டி வந்துட்டுது. தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா, குலை தள்ளி நின்ன ரெண்டு ஏக்கர் வாழையும் படுத்துக் கிடக்கு. பிழைச்சது கோயில் மேட்டுல கட்டின ரெண்டு மாடும், வாழைக்கு வாங்கின கடனும்தான்.

அதுக்கப்புறம் அம்மா அந்தச் சங்கீதத்தை எடுத்தா நான் எந்திரிச்சு வெளியே போயிருவேன். காரணம் ஒன்பதாம் வசனம். தண்ணி திரும்ப வந்து பூமியை மூடாதபடி ஆண்டவர் எல்லை வச்சார்னு வரும். ஒருநாள் வாய்விட்டே கேட்டுட்டேன்.

"எந்த எல்லைம்மா? நம்ம வயல்ல முழங்கால் உசரத்துக்கு மணல் கிடக்கு."

அம்மா கோபப்படல. "பாதியில எந்திரிச்சுப் போனா எப்படிலே? கடைசி வரைக்கும் இருந்து கேளு."

இருந்தேன். பின்பாதியில், அவர் கையைத் திறந்தா எல்லா உயிரும் நிறையுது, முகத்தை மறைச்சா கலங்குது, மூச்சை வாங்கிட்டா மண்ணுக்குப் போகுதுன்னு வருது. ஒன்பதாம் வசனத்துக்கு இது பதில் இல்ல. அது இன்னும் எனக்கு இடிக்கத்தான் செய்யுது. ஆனா இழப்பே தெரியாத ஆள் பாடின பாட்டு இல்லைன்னு மட்டும் புரிஞ்சுது.

எனக்குப் பிடிச்ச இடம் நடுவுல இருக்கு. ராத்திரி சிங்கம் இரை தேடும். வெயில் வந்ததும் குகையில போய்ப் படுத்துக்கும். அப்புறம் மனுஷன் வேலைக்குக் கிளம்புவான், சாயங்காலம் வரைக்கும். மில்லுல ஷிப்ட் மாத்துற மாதிரி! அந்த இடத்துல மனுஷனுக்குன்னு தனி மரியாதை ஒண்ணும் இல்ல. எல்லா உயிரோடயும் சேர்த்து அவனுக்கும் ஒரு வேளை ஒதுக்கியிருக்கு, அவ்வளவுதான். எனக்கு மட்டும்தான் போச்சுன்னு உட்கார்ந்திருந்தவனுக்கு, ஏனோ அது ஆறுதலா இருந்துச்சு.

தை மாசம் ஜேசிபி வச்சு மணலை வழிச்சோம். கிளறின ஈரத்துல புழு பொறுக்க கொக்குக் கூட்டம் வந்து இறங்கிச்சு. மணல் அதிகம் ஏறாத வடக்கு ஓரத்துல, சாஞ்ச வாழைக்குப் பக்கத்துல நாலஞ்சு கன்னு பச்சையா எட்டிப் பார்த்துச்சு. மம்பட்டியைப் போட்டுட்டு அதையே பார்த்துட்டு நின்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருந்தா. நானே வேதப் புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் வசனத்துல கொஞ்சம் தடுமாறி, பிறகு மேலே வாசிச்சேன்.