கிணத்துத் தண்ணியும் எங்கட தோலும்

வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கினால் எங்கட அறையில் நாலு பேருக்கும் ஒரே பிரச்சினை. முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல வெளிறிக் கிடக்கும். நகத்தால் கீறினால் பேரே எழுதலாம். குதி வெடிக்கும், உதடு உரியும். திருநெல்வேலியில் இருந்து சைக்கிளில் ஒருக்கா ரவுனுக்குப் போய் வந்தால், காற்றும் செம்மண் தூசியும் சேர்ந்து மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிப் போடும்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஃபோனைத் திறந்தால் ஒருத்தர் ஐஸ் தண்ணியில் குளிக்கச் சொல்கிறார். இன்னொருத்தர் தேசிக்காயில் சீனி தொட்டு உரஞ்சச் சொல்கிறார். வீட்டுக்கு எடுத்துச் சொன்னால் அம்மம்மா, "எண்ணெய் வைக்காமத் திரிஞ்சா வேற என்ன வரும்?" என்று ஒரே வரியில் முடித்து விடுவா. இவர்களில் யார் சொல்வது சரி என்று நாங்கள் கொஞ்சம் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க விஷயம் தோலைத் தாண்டிக் கிணத்தடிக்குப் போய் நின்றது. இந்தக் கட்டுரை அதுதான்.

முதலில் குளிர்ந்த தண்ணிக் குளிப்பு. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2016 இல் நெதர்லாந்தில் இருந்து வெளிவந்த ஒரு ஆய்வு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குபற்றிய அந்த ஆய்வில் ஒரு பகுதியினர் ஒரு மாதம், வழமையான சுடுதண்ணிக் குளிப்பின் கடைசியில் 30, 60 அல்லது 90 செக்கன் குளிர்ந்த தண்ணியில் நின்றார்கள். அவர்கள் சுகமில்லை என்று வேலைக்குப் போகாமல் விட்டது, மற்றவர்களை விட 29 வீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் சுகமில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. அதாவது வருத்தம் வந்தது, வருத்தத்தோடு வேலைக்குப் போனார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஆய்வு வறண்ட தோலைப் பற்றியது அல்ல. அதைக் காட்டி "தோல் பளபளக்கும்" என்று சொல்வது வீடியோக்காரரின் சொந்தச் சரக்கு.

இரண்டாவது, அவர்களுடைய குளிரும் எங்களுடைய குளிரும் ஒன்றல்ல. நிலத்தடி நீர் பெரும்பாலும் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய 28 பாகை. அதனால்தான் மார்கழி விடியக்காலையில் கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பாகத் தெரியும், பங்குனி மத்தியானத்தில் அதே தண்ணி சில்லென்று இருக்கும். தண்ணி மாறுவதில்லை, எங்கட உடம்பைச் சுற்றி இருக்கிற காற்றுத்தான் மாறுகிறது. எங்களோடு இருக்கிறவள் ஒருத்தி ஹட்டன் பக்கம். இங்கே வந்த முதல் கிழமை நாங்கள் "குளிருது" என்று நடுங்கினதைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்குப் பேரு குளிர்ந்த தண்ணியா? எங்க லயத்துக்கு வந்து தை மாசம் விடிய பீலியில குளிச்சுப் பாருங்க" என்றாள். இதில் அவள் சொன்னதுதான் நாங்கள் வாசித்த எல்லாவற்றையும் விடத் தெளிவு.

எங்கள் தோலுக்கு உண்மையில் கெடுதல் செய்வது மொட்டை மாடியில் இருக்கிற கறுப்புத் தாங்கி. வெயில் நேரத்தில் ஷவரைத் திறந்தால் கொதி தண்ணி வரும். தோலின் மேற்படையில் கலங்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் படை இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். சூடான தண்ணியும் சவர்க்காரமும் சேர்ந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே தோல் வைத்தியர்கள் சொல்வது ஐஸ் தண்ணி இல்லை. சூடில்லாத தண்ணியில் கெதியாகக் குளி, சவர்க்காரத்தைக் குறை, துடைத்த கையோடு எண்ணெயோ கிறீமோ பூசு. அவ்வளவுதான். சூடில்லாத தண்ணி கிணத்தில் சும்மா கிடக்கிறது.

ஆனால் அந்தத் தண்ணிக்கும் ஒரு குணம் உண்டு. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேலே இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கித் தேங்குவதுதான் எங்கட தண்ணி. இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வரும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். இந்த வன்னீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. கல்சியத்தோடு சேர்ந்து கரையாத ஒரு படிவாக மாறும், அதில் கொஞ்சம் தோலிலும் ஒட்டும். நுரை வரவில்லை என்று நாங்கள் இன்னும் கொஞ்சம் போடுவோம். தோல் இன்னும் காயும்.

அதற்காகத் தண்ணியை மென்மையாக்குகிற மெஷின் வாங்க ஓடத் தேவையில்லை. இங்கிலாந்தில் எக்ஸிமா இருக்கிற 336 பிள்ளைகளை வைத்துச் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் அந்த மெஷினைப் பூட்டியும் பெரிய பலன் தெரியவில்லை. சவர்க்காரத்தைக் குறைப்பதுதான் மலிவான வழி.

இந்த இடத்தில்தான் அம்மம்மா வெல்லுகிறா. அவவின் முழுக்கில் சவர்க்காரமே இல்லை. நல்லெண்ணெயை உச்சி தொட்டுக் கால்வரை பூசி ஊற விடுவா. சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அரைத்துத் தலைக்கு, பயத்தம்மா உடம்புக்கு. சீயாக்காயில் இயற்கையாகவே நுரைக்கிற பொருள் இருக்கிறது, அது வன்னீரோடு சேர்ந்து அந்த வெள்ளைப் படிவை உண்டாக்காது. பயத்தம்மா மேலதிக எண்ணெயை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். சுண்ணாம்புத் தண்ணி ஊருக்கு ஏற்ற குளிப்பு. அவவுக்குக் கல்சியம் தெரியாது, ஆனால் தண்ணியைத் தெரியும்.

தேங்காய் எண்ணெய்க்கும் சாட்சி இருக்கிறது. 2004 இல் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் பரிசோதித்து, அது கனிம எண்ணெய் அளவுக்கே வேலை செய்கிறது என்று கண்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் போத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஈரம் முழுதாகக் காய முன் பூச வேண்டும். காய்ந்த தோலில் பூசினால் பூட்டி வைக்க உள்ளே ஈரம் இருக்காது. கற்றாழை எரிவை ஆற்றும், ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணி என்பதால் மேலே எண்ணெய் இல்லாவிட்டால் ஆவியாகிப் போய்விடும்.

இயற்கை எல்லாம் நல்லது என்றும் இல்லை. தேசிக்காய்ச் சாறை நேரே தோலில் பூசி வெயிலில் போனால் கொப்பளிக்கும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தலைக்கு அரைத்து வைத்துக் கழுவி விடுவது வேறு, காலில் உரஞ்சிக்கொண்டு வெயிலில் திரிவது வேறு. "மூலிகை" என்று எழுதின லேபிளில் உற்பத்தியாளர் விபரம் எதுவும் இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம்கள் இன்னும் மோசம். உலகம் முழுக்க இப்படியான கிறீம்களில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. அது தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும். வறட்சிக்கு மருந்து கேட்டுப் போகிற பெட்டைக்கு நிறத்துக்குக் கிறீம் விற்கிற கடைகள் எங்களுக்குத் தெரியும். காய்ந்த தோல் ஒரு கரைச்சல், கறுத்த தோல் ஒரு நோய் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதுதான் வியாபாரம். தோல் வெடித்து இரத்தம் வந்தால், வட்டமாகத் தடித்தால், கிழமைக்கணக்கில் கடி நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவும் தைரொயிட் குறைபாடும்கூடத் தோல் வறட்சியாகத் தலை காட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று முடிக்க எங்களால் ஏலாது. அம்மம்மாவின் முழுக்குக்கு ஒரு கிணறு வேண்டும், ஆறுதலான ஒரு காலை வேண்டும், கிடுகு மறைப்பு வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. மறைப்பில்லாத கிணத்தடியில் குறுக்குக் கட்டோடு, தெருவைப் பார்த்துப் பார்த்து அவதியாகக் குளிக்கிற பெண்ணுக்கு ஆறுதலாக எண்ணெய் பூசுகிற கதை கிடையாது. இதே யாழ்ப்பாணத்தில் சாதியைச் சொல்லி எத்தனை பேரைக் கிணத்துக் கட்டில் ஏற விடாமல் வைத்திருந்தார்கள். வேறு யாராவது அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு காத்து நின்றவர்கள் இருந்தார்கள். கே. டானியல் ஒரு நாவலுக்கு 'தண்ணீர்' என்றே பேர் வைத்தார். எங்களில் ஒருத்திக்கு 2009 இல் ஏழு வயது, செட்டிகுளம் முகாம். அவளுக்கு நினைவிருக்கிற குளிப்பு வரிசையும் ஒரு வாளியும்தான். "பாட்டி வைத்தியம்" என்று வீடியோ போடுகிறவர்கள் எண்ணெயைக் காட்டுவார்கள். தண்ணியை யார் அள்ளினது, யார் அள்ள முடியாமல் நின்றது என்று காட்ட மாட்டார்கள்.

தோலையும் தண்ணியையும் சேர்த்து யோசிக்கிற பழக்கம் எங்கட ஊருக்குப் பழையது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி மாறினாள் என்பது எல்லாரும் கேட்ட ஐதீகம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவது அதிசயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது ஊருக்குள் பெய்த மழை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வந்து கரையில் வெளிப்படுவது. ஊருக்குள்ளே எதை ஊற்றினாலும் கல் அதையும் கொண்டு போகும் என்பதுதான் இதன் மறுபக்கம். சுன்னாகத்தில் அதைக் கண்டோம். 2015 ஐ ஒட்டிய காலத்தில் அங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, சனம் பவுசர் தண்ணிக்குக் காத்திருந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கே இயங்கிய மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. எண்ணெய் மிதக்கிற கிணத்துத் தண்ணியில் முழுகி எந்த மூலிகையைப் பூசினாலும் என்ன பிரயோசனம்?

இப்போது எங்கட அறையில் நடப்பது இவ்வளவுதான். விடியவே, தாங்கி சூடாக முன்னம், கெதியாகக் குளிப்பு. சவர்க்காரம் தேவையான இடங்களுக்கு மட்டும். ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். ஞாயிறு நேரம் கிடைத்தால் நல்லெண்ணெய், பயத்தம்மா. கால் இன்னும் முழுதாக மினுங்கவில்லை, சோளகம் நிற்கும் வரைக்கும் மினுங்காது, பரவாயில்லை. செலவு ஒரு போத்தில் எண்ணெய். மிச்சம் எல்லாம் தண்ணி செய்கிற வேலை. அந்தத் தண்ணியை வாங்க ஏலாது. உங்கட வீட்டுக் கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி தூரம், உங்கட ஒழுங்கையில் இருக்கிற கராஜ் கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுகிறது என்று இந்தக் கிழமை ஒருக்காப் பாருங்கோ. எங்கள் தோல் வைத்தியத்தில் முதல் மருந்து அதுதான்.